நாகரத்தினம்மாள் திரும்பக் கொண்டுவந்த பக்கங்கள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் பாட்டிக்குத்தான். வழியில் வரும் ஒவ்வொரு பாலத்துக்கும் என் தொடையில் லேசாக ஒரு தட்டு தட்டிப் பெயர் சொல்லுவார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி. கடைசியில் காவிரி. பாலம் இறங்கியதும் ஊர் வந்துவிடும். ஐந்து ஆறும் சரியாகச் சொன்னால் திரும்பும்போது அசோகா அல்வா கிடைக்கும். வருஷத்தில் ஒருநாள், தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று, அவருடைய ஆராதனைக்கு நாங்கள் இப்படிப் போவோம்.

அங்கே நடப்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த காட்சிதான். காவிரிக்கரையில் பெரிய பந்தல். தரையில் ஜமக்காளம். நூற்றுக்கணக்கான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பாடிக்கொண்டே பிச்சை வாங்கிவரும் உஞ்சவிருத்தி ஊர்வலம் வந்து சேர்ந்து, உள்ளே தியாகராஜர் சிலைக்கு அபிஷேகம் நடக்கும்போது, பஞ்சரத்தினம் என்ற அவருடைய ஐந்து கீர்த்தனைகளை எல்லோரும் ஒரே குரலில் பாடுவார்கள். ராகத்துக்கு ஒன்று: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பாட்டி ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கூடவே பாடுவார். சத்தம் வராது.

எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். பாட்டு முடியும்வரை ஒரே இடத்தில் உட்கார முடியாமல் சுற்றிவருவேன். அப்படிச் சுற்றியபோதுதான் தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி கைகூப்பியிருக்கும் ஒரு அம்மாவின் சிலையைப் பார்த்தேன். சாமி மாதிரியும் இல்லை, அரசி மாதிரியும் இல்லை. எங்கள் தெருவில் பார்க்கக்கூடிய ஒரு வயதான அம்மா மாதிரி இருந்தார். ஓடிவந்து கேட்டேன்.

"பாட்டி, அது யாரு?"

"நாகரத்தினம்மா. அவங்கதான் இந்தச் சமாதியைக் கட்டினவங்க."

"பாடுவாங்களா?"

"பாடுவாங்களாவா! நல்லாக் கேட்ட போ" என்று சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பிவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு, நான் பாட்டு கற்றுக்கொண்ட இடத்தில் ஒருமுறை இந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "பெரிய பக்தை. அது போதும், மற்றதெல்லாம் உனக்கெதுக்கு" என்று பதில் வந்தது. அந்த "மற்றதெல்லாம்" என்ன என்று தேடிப் படிக்க எனக்கு இருபது வருஷம் ஆகிவிட்டது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878 நவம்பர் 3 அன்று, மைசூர் பக்கத்து நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தார். அம்மா புட்டலட்சுமி. அப்பா ஒரு வக்கீல். தாயையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். மைசூரில் கிரிபட்ட திம்மையா என்ற சமஸ்கிருதப் பண்டிதரிடம் சின்ன வயசிலேயே படிப்பு தொடங்கியது. அந்த ஆதரவும் நீடிக்கவில்லை. பிறகு பெங்களூர். அங்கே முனுசாமப்பாவிடம் பாட்டு. இந்த முனுசாமப்பா வாலாஜாபேட்டை பரம்பரையில் வந்தவர்; தியாகராஜரின் நேர்ச்சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் தொடங்கிவைத்த பரம்பரை அது. ஆக, பின்னாளில் யாருடைய சமாதியை அவர் கட்டப்போகிறாரோ அவருடைய பாட்டு இளம்வயதிலேயே காதில் விழுந்துவிட்டது. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம், கொஞ்சம் ஆங்கிலம். வயலினும் நாட்டியமும் உண்டு. அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டார். அதன் பிறகு நாகரத்தினம்மாள் சென்னைக்கு வந்து, கச்சேரி செய்து, தன் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து நின்றார். 1905-லிருந்து 1934 வரை 146 ஊர்களில் 1,235 கச்சேரிகள் என்று ஒரு கணக்கு உண்டு. ரயிலும் மாட்டுவண்டியுமாக அவ்வளவு ஊர்களுக்கு ஒரு பெண் போய்ப் பாடியிருக்கிறார் என்பதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சமாதி கட்டினது இதற்கெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் அவர் ஒரு புத்தகம் போட்டார். என்னிடம் சொல்லாமல் விட்ட "மற்றதெல்லாம்" அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறது. நான் கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கப்போகிறேன்.

18-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் சபையில் முத்துப்பழனி என்று ஒரு கவிஞர் இருந்தார். அவரும் தேவதாசி மரபுதான். தெலுங்கில் எழுதினார். மராத்தி பேசும் ராஜா, தமிழ் பேசும் ஊர், தெலுங்கில் காவியம். தஞ்சாவூர் அப்படித்தான் இருந்தது. ஆண்டாளின் திருப்பாவையைக்கூட முத்துப்பழனி தெலுங்கில் கொண்டுபோயிருக்கிறார். அவருடைய பெரிய படைப்பு 'ராதிகா சாந்த்வனமு'. 584 பாட்டு, நான்கு பகுதி. ராதை, தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கிருஷ்ணனுக்குக் கட்டிவைக்கிறாள். அறிவுரை சொல்லி அனுப்பியும் வைக்கிறாள். அப்புறம் தனிமையில் வெந்துபோகிறாள். கோபப்படுகிறாள், திட்டுகிறாள். கிருஷ்ணன் ஓடிவந்து அவளைச் சமாதானப்படுத்துகிறான். ஆசையைச் சொல்வதும் ஊடல் கொள்வதும் தணிவதும் எல்லாம் ராதையின் பக்கத்திலிருந்தே நடக்கிறது. அந்த ஆசையை மூடிமறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்தக் காவியத்தைப் பற்றி எங்கோ பாராட்டிப் படித்த நாகரத்தினம்மாள், புத்தகத்தைத் தேடினார். அலைந்து ஒரு அச்சுப் பிரதி கிடைத்தது. பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியும் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அச்சில் பல பாட்டுகள் இல்லை. 1887-ல் வெங்கடநரசு என்பவர் பதிப்பித்தது அது. சிருங்காரம் கூடுதல் என்று பட்ட பாட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்.

எடுக்கப்பட்டது அது மட்டும் இல்லை. முத்துப்பழனி காவியத்தின் தொடக்கத்தில் ஒரு அவதாரிகை எழுதியிருந்தார். பழைய தெலுங்குக் காவியங்களில் கவிஞன் தன் குலம், தகப்பன், பாட்டன், குரு என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சநாயகியைச் சொல்கிறார், அத்தையைச் சொல்கிறார், பெண்வழியாகத் தன் கல்வியின் வேரைக் காட்டுகிறார். என்னைப்போல எந்தப் பெண் இப்படிப் பெயர் வாங்கியிருக்கிறாள் என்று மார்தட்டிக்கொள்கிறார். அந்த அவதாரிகையே அச்சுப் பிரதியில் காணோம். காமத்தைச் சொன்ன பாட்டு சங்கடம் என்று எடுத்தார்கள், சரி. அந்தக் காலத்து மனசு அது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் தன் பாட்டியின் பெயரைச் சொன்னதில் என்ன சங்கடம்? இந்த இடத்தைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன்.

நாகரத்தினம்மாள் இரண்டையும் திரும்பச் சேர்த்தார். 1910-ல் சென்னையில் வாவில்லா ராமசாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் வெளியீடாகப் புத்தகம் வந்தது. பதிப்பாசிரியர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மா. முன்னுரை அவரே எழுதினார். எத்தனை தடவை படித்தாலும் மறுபடி படிக்கத் தோன்றும் புத்தகம், இதை எழுதியவர் ஒரு பெண், அதிலும் எங்கள் குலத்தில் பிறந்த பெண், அதனால் இதைச் சரியான உருவத்தில் அச்சிட்டுத் தருவது என் பொறுப்பு என்று பட்டது: இதுதான் அந்த முன்னுரையின் சாரம். எங்கள் குலம் என்று அவர் தயங்காமல் எழுதினார். ஊரே அந்தக் குலத்தைப் பற்றிக் குனிந்து பேசத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை.

அதோடு நிற்கவில்லை. கந்துகூரி வீரேசலிங்கம் அன்று தெலுங்கில் மலைபோன்ற பெயர். 1881-ல் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திவைத்தவர். பெண்கல்விக்காக உழைத்தவர். தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதியவரும் அவர்தான். முத்துப்பழனிக்குச் சங்கீதம் தெரியும், புலமை உண்டு, நடை இனிமை என்று அவர் ஒப்புக்கொண்டுதான் எழுதினார். ஆனால் பல இடங்கள் பெண்கள் காதால் கேட்கக்கூடாதவை, ஒரு பெண் வாயில் வரவே கூடாதவை என்றும், முத்துப்பழனியின் ஒழுக்கத்தையே குறைசொல்லியும் எழுதிவிட்டார். நாகரத்தினம்மாள் விடவில்லை. வெட்கமும் ஒழுக்கமும் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்கு இல்லையா என்று கேட்டார். ஆண் எழுதிய, இதைவிடப் பச்சையான ஒரு காவியத்தை நீங்களே பார்த்து அச்சுக்குக் கொடுக்கவில்லையா என்றும் கேட்டார். முப்பது வயதைச் சற்றே தாண்டிய பாடகி, தெலுங்கு உலகத்தின் மூத்த பண்டிதரை, அவர் துறையிலேயே, ஆதாரத்தோடு எதிர்த்துக் கேட்ட கேள்வி. வீரேசலிங்கம் செய்த நல்லதை நான் குறைக்கப் பார்க்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதை அன்று கேட்டவர் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

விளைவு வேகமாக வந்தது. ஒரு தாசி எழுதினதை இன்னொரு தாசி பதிப்பித்திருக்கிறாள் என்று பத்திரிகையில் ஏசினார்கள். 1911-ல் பிரிட்டிஷ் அரசு புத்தகம் ஆபாசம் என்று தடைசெய்தது. போலீஸ் பிரதிகளைக் கைப்பற்றியது. பண்டிதர்கள் சிலர் அரசுக்கு மனு போட்டார்கள், எடுபடவில்லை. தடை நீங்கியது 1947-ல், பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது. முப்பத்தாறு வருஷம். நல்லவேளை, நாகரத்தினம்மாள் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1991-ல் சூசி தாருவும் கே. லலிதாவும் இந்தியப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தங்கள் முன்னுரையை இந்த 1910 பதிப்பின் கதையிலிருந்துதான் தொடங்கினார்கள். நான் முதன்முதலில் முத்துப்பழனி என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேதான். எங்கள் ஊர்க் கவிஞர். பஸ்ஸில் ஐந்து பாலம் எண்ணிய எனக்கு இவர் பெயரை யாருமே சொல்லித்தரவில்லை.

இனி சமாதி. தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று மறைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக்கரையில் அடக்கம் செய்து பிருந்தாவனம் எழுப்பினார்கள். சீடர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். அரை நூற்றாண்டில் அந்த இடம் புதர்மண்டிப்போனது. 1903-ல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தள்ளாத வயதில் வந்து, இடத்தைக் கண்டுபிடித்துச் செப்பனிட்டார்கள். அதற்குப் பிறகு ஆராதனை பெரிதாக வளர்ந்தது. வளர்ந்த கையோடு பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகவும் பிரிந்தது. கட்சி இரண்டானது, பந்தல் இரண்டானது, சமாதி மட்டும் மறுபடி கவனிப்பாரற்றுப் போனது.

1921-ல் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாறு வந்து பார்த்துவிட்டு, சமாதி இருக்கும் நிலையை நாகரத்தினம்மாளுக்குக் கடிதமாக எழுதினார். அவர் கிளம்பி வந்தார். சமாதி இருந்த நிலத்தைப் பேசி வாங்கினார். சொந்தச் சேமிப்பையும் நகைகளையும் போட்டார். அதே 1921 அக்டோபர் 27 அன்று அஸ்திவாரம் போடப்பட்டது. 1926 ஜனவரி 7 அன்று கும்பாபிஷேகம். இன்றைக்கு நாம் டிவியில் பார்க்கும் அந்தச் சந்நிதி அப்படி வந்ததுதான். தியாகராஜருக்கு சமஸ்கிருதத்தில் அஷ்டோத்திர நாமாவளியும் அவரே எழுதினார்.

கட்டி முடித்தாயிற்று. அவர் அங்கே பாடலாமா? கூடாது என்றார்கள். பெண்கள் ஆராதனையில் பாடும் வழக்கம் இல்லை என்பது இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒத்துப்போன விஷயம். தன் காசில் கட்டிய இடத்தின் வாசலில் நின்று அவர் இதைக் கேட்டிருக்கிறார்.

அவர் செய்த காரியத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. அடுத்த வருஷம், 1927-ல், சமாதியின் பின்பக்கத்தில் ஒரு மேடை போட்டார். முன்பக்கம் ஆண்கள் பாடட்டும், பின்பக்கம் பெண்கள் பாடுவோம் என்று தேவதாசி மரபுப் பாடகிகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். ஊர் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர் வைத்தது. அந்தக் காலத்தில் பொதுமேடையில் பாடவும் வாசிக்கவும் தெரிந்த பெண்கள் பெரும்பாலும் அந்த மரபில்தான் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பதமும் ஜாவளியும் கீர்த்தனையும் அவர்கள் வீட்டுப் பெண்களின் குரலில்தான் பத்திரமாக இருந்தன. அந்தக் குரல்கள் ஒவ்வொரு வருஷமும் சமாதிச் சுவரின் மறுபக்கத்திலிருந்து ஒலித்தன. கல்லுக்குள் இருக்கிறவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

அதே 1927-ல் இன்னொன்றும் நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தேவதாசி ஒழிப்புக்கான முயற்சியைத் தொடங்கினார். நாகரத்தினம்மாளும் மற்ற தேவதாசிப் பெண்களும் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். நாங்கள் கலைஞர்கள், எங்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது, கல்வி கொடுங்கள், எங்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில் விலைமகளிர் என்று எழுதிவிடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு மனசு இரண்டாகிறது. இதே காவிரிப் பக்கத்திலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தானும் அதே சமூகத்தில் வளர்ந்தவர், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1936-ல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தே ஆக வேண்டியது. 1947-ல் சட்டம் வந்தது நல்லது. நாகரத்தினம்மாள் பயந்ததும் வீண் பயம் இல்லை. வழக்கம் போகும்போது அந்தப் பெண்களின் பாட்டும் படிப்பும் பெயரும் சேர்ந்தே போய்விடும் என்று அவர் பார்த்தார். பிறகு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆட்டமும் பாட்டும் வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றன. அதைக் காத்துவைத்திருந்த பெண்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம்கூட எங்கிருந்து வந்தோம் என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்கள். அவதாரிகையைக் கிழித்த அதே வேலை, இந்தத் தடவை வீட்டுக்கு வீடு நடந்தது.

அதனால்தான் நாகரத்தினம்மாளைப் பக்தை என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பக்தை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் சமாதி கட்டினவரைக் கும்பிட்டுவிட்டு, புத்தகம் போட்டவரை மறைக்கிறார்களே, அதுதான் தப்பு. இரண்டும் ஒரே கையின் வேலை. புதருக்குள் கிடந்த கல்லைத் தேடிப் போனவரும், அச்சில் விடுபட்ட பாட்டைத் தேடிப் போனவரும் ஒருவர்தான். இரண்டு தடவையும் தன் பணம், தன் பெயர், தன் மானம் மூன்றையும் முன்னால் வைத்தார். முதல் தடவை போலீஸ் வந்தது. இரண்டாவது தடவை மேடை கிடைக்கவில்லை. ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் அது அவருக்கே ஒரு வெட்டுப் பதிப்பு போடுகிற மாதிரி.

1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் எல்லாம் ஒன்றாகி, ஒரே சபையாக ஆராதனை நடத்துவது என்று முடிவானது. பஞ்சரத்தினத்தை எல்லோரும் சேர்ந்து பாடும் இன்றைய முறையும் அந்த வருஷங்களில் வந்ததுதான். பெண்கள் முன்பக்கத்துக்கு வந்தார்கள். நாகரத்தினம்மாள் தன் வாழ்வின் பிற்பகுதியைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1949-ல் உயில் எழுதினார். சொத்து முழுவதும் தியாகராஜருக்கு. ஆராதனையில் தேவதாசி மரபினர் உட்படப் பெண்கள் பாடும் உரிமை தொடர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார். வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடாமல் பத்திரத்தில் எழுதிவைத்தார். வெட்டுகிறவர்களைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும். 1952 மே 19 அன்று மறைந்தார். தியாகராஜருக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது.

பாட்டி போன பிறகு அவருடைய நோட்டு என்னிடம் வந்தது. காக்கி அட்டை, நூல் பிரிந்த முதுகு, ஓரங்களில் எண்ணெய்க் கறை. உள்ளே முழுவதும் தெலுங்குக் கீர்த்தனைகள், தமிழ் எழுத்தில். தமிழில் க ஒன்றுதான், தெலுங்கில் நான்கு. அதனால் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண்கள் போட்டிருப்பார்கள். கங்கையில் முதலில் வருகிற க என்றால் 3. பாட்டி எண்களை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். சில இடத்தில் 3 போட்டு, அடித்து, 4 ஆக்கியிருக்கிறார். யாரிடமோ கேட்டுத் திருத்தியிருக்க வேண்டும். அவர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம்தான் முறையாகப் பாட்டு கற்றார் என்பது எனக்குத் தெரியும். பிறகு அடுக்களையில் மட்டும் பாடினார், அதுவும் தாத்தா வெளியே போயிருக்கும்போது. தெலுங்கில் ஒரு வார்த்தையும் பேசத் தெரியாத ஒருவர் அறுபது பாட்டை ஒலி பிசகாமல் காத்துவைத்திருந்தார். நோட்டில் எங்குமே அவர் பெயர் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். பால் கணக்கு ஒரு பக்கம் இருக்கிறது, என் அப்பாவின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய தேதி இருக்கிறது, பெயர் இல்லை.

போன வருஷம் தெலுங்கு எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். தோழி ஒருத்தி 'ராதிகா சாந்த்வனமு' நகலை எடுத்து அனுப்பினாள். மொழி புரிகிறதா என்றால் சரியாகப் புரியவில்லை. பழைய காவியத் தெலுங்கு, அகராதி இல்லாமல் நகராது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பாட்டியின் நோட்டு இதற்கு எப்படி உதவுகிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான்கு க-வையும் நான்கு ப-வையும் நான் குழப்பிக்கொள்ளும்போதெல்லாம், அவர் சிவப்பு மையில் போட்ட எண்களைப் பார்த்து, தெரிந்த கீர்த்தனையின் சொல்லோடு ஒட்டிவைத்து ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

காவியத்தின் கதைக்கு நான் இன்னும் போகவில்லை. அவதாரிகையிலேயே இருக்கிறேன். தெலுங்கில் ஞ், ந், ம் எல்லாவற்றுக்கும் பல இடத்தில் ஒரே ஒரு சுழிதான். பூஜ்யம் மாதிரி இருக்கும் அதை மெய்யெழுத்தாக வாசிக்கப் பழகவே ஒரு வாரம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தேன். த. ஒரு சுழி. ஜ. நா. ய. கி. சத்தம்போட்டு இன்னொரு தடவை வாசித்தேன். முத்துப்பழனியின் பாட்டி.